காதில் விழாத அபாஸ்ட்ரஃபி

'வீ டோன்ட் மைண்ட் த பாய்ஸ் ப்ளேயிங் இன் த ஸ்ட்ரீட்.' பையன்கள் தெருவில் விளையாடுவதில் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று பொருள். இதை ஆங்கில எழுத்தில் எழுத உட்கார்ந்தால் 'பாய்ஸ்' என்ற ஒரு சொல்லுக்கு மூன்று வடிவங்கள் வந்து நிற்கும். அபாஸ்ட்ரஃபி என்ற மேற்குறி இல்லாவிட்டால் வெறும் பன்மை; எஸ் எழுத்துக்கு முன்னால் இருந்தால் ஒரே பையனுடைய விளையாட்டு; பின்னால் இருந்தால் பல பையன்களுடைய விளையாட்டு. தமிழ் எழுத்தில் எழுதியதும் மூன்றும் ஒன்றாகிவிட்டன. இதைத் தமிழ் எழுத்தின் போதாமை என்று நினைக்க வேண்டாம். லண்டனில் பிறந்து வளர்ந்தவர் வாயிலும் மூன்றும் ஒரே ஒலிதான். ஆங்கிலப் பேச்சில் இல்லாத ஒரு வேறுபாட்டை ஆங்கில எழுத்து மட்டும் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த எழுத்து வேறுபாட்டை நம்பி ஓர் இலக்கண விதி நெடுங்காலமாக நடக்கிறது என்பதுதான் வேடிக்கை.

விதி இதுதான். 'இங்' என்று முடியும் வினை, பெயர்ச்சொல்லைப்போல நிற்கும்போது அதை ஜெரண்ட் என்பார்கள். அதற்கு முன்னால் அந்தச் செயலைச் செய்கிறவரின் பெயர் வந்தால், அது உடைமை வடிவில்தான் வர வேண்டும். 'ஹிம் கமிங்' தப்பு, 'ஹிஸ் கமிங்' சரி. 'மீ பீயிங் லேட்' தப்பு, 'மை பீயிங் லேட்' சரி. இந்தியாவில் ஆங்கில இலக்கணம் என்றாலே நினைவுக்கு வரும் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் இதைப் பல தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. வங்கித் தேர்வு, பணியாளர் தேர்வு வழிகாட்டிகளில் பிழை கண்டுபிடிக்கும் பகுதியைப் புரட்டினால், இந்த விதியின்மேல் ஒரு கேள்வியாவது இருக்கும்.

விதி எங்கிருந்து வந்தது என்று பார்க்க, 'இங்' என்ற விகுதியின் பிறப்புக்குப் போக வேண்டும். பழைய ஆங்கிலத்தில் இரண்டு வேறு விகுதிகள் இருந்தன. வினையிலிருந்து பெயரை உண்டாக்க 'உங்' அல்லது 'இங்'. 'செய்துகொண்டிருக்கிற' என்ற பொருளுக்கு 'எண்டெ'. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் கலந்து ஒரே 'இங்' ஆகிவிட்டன. அதனால் இன்றைய 'இங்' சொல் பெயராகவும் நடக்கும், வினையாகவும் நடக்கும். 'ஓபனிங் த லெட்டர்' என்னும்போது அது கடிதத்தைச் செயப்படுபொருளாக நேரே எடுத்துக்கொள்கிறது. அது வினையின் குணம். அதே சொல்லுக்கு முன்னால் 'ஹிஸ்' வந்து ஒட்டுகிறது. அது பெயரின் குணம். இத்தனை சண்டையும் இந்த இரட்டைப் பிறவியால் வந்தது.

இந்த இரட்டைப் பிறவியைச் சோதிக்கப் பன்மையைவிட நல்ல உரைகல் இல்லை. 'இங்' சொல்லுக்கே ஓர் எஸ் சேர்த்துப் பாருங்கள்: சேவிங்ஸ், ஏர்னிங்ஸ், ஃபைண்டிங்ஸ், கமிங்ஸ் அண்ட் கோயிங்ஸ். பன்மை ஏறியதும் வினையின் குணம் உதிர்ந்துவிடுகிறது. 'ஓபனிங்ஸ் த லெட்டர்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். நடுவில் ஓர் 'ஆஃப்' வேண்டும். அப்படி முழுப் பெயராக ஆன பிறகு முன்னால் உடைமை வடிவம் கட்டாயமாகிவிடுகிறது. 'ஹிஸ் கமிங்ஸ் அண்ட் கோயிங்ஸ்' உண்டு. 'ஹிம் கமிங்ஸ் அண்ட் கோயிங்ஸ்' பொது ஆங்கிலத்தில் இல்லை. இங்கே யாரும் யாருக்கும் விதி கற்பிக்கத் தேவையில்லை. மொழி தானே காத்துக்கொள்கிறது. விதி தேவைப்படுவது, பன்மை ஏறாத, பாதி பெயரும் பாதி வினையுமான 'இங்' சொற்களுக்கு மட்டும்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'அவனுடைய வருகை' என்கிறோம். வருகை முழுப் பெயர். 'அவன் வந்தது எனக்குத் தெரியாது' என்கிறோம். வந்தது என்பதில் வினை இன்னும் உயிரோடு இருப்பதால் அவன் எழுவாயாகவே நிற்கிறான். 'அவனுடைய வந்தது' என்றால் சிரிப்பார்கள். இரண்டு வேலைக்கு இரண்டு வடிவம் நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு வேலைக்கும் ஒரே வடிவம். அதனால் முன்னால் நிற்கிற சொல்லைப் பார்த்துத்தான் எந்த வேலை என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் தொடக்கத்தில் 'ஐ கமிங்' என்று எழுதுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்: 'நான் வந்தது' அப்படியே ஆங்கிலத்துக்குப் போகிறது.

இனி சண்டைக்கு வருவோம். விதியை ஒரு போராகவே மாற்றியவர் ஹென்றி வாட்சன் ஃபௌலர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாணவர்களைத் திருச்சபையின் உறுதிபூசுதல் சடங்குக்குத் தயார்செய்ய மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை என்று 1899இல் வேலையை விட்டுப் போனார். சடங்கில் தளர்ந்தவர் மொழியில் கெடுபிடி ஆனார் என்று சொன்னால் அவருடைய அன்பர்கள் கோபிக்கலாம். தம்பி ஃபிரான்சிஸோடு சேர்ந்து அவர் எழுதிய 'த கிங்ஸ் இங்கிலீஷ்' 1906இல் வந்தது. தம்பி 1918இல் இறந்தபின் தனியாக முடித்த 'எ டிக்ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்' 1926இல் வந்தது. உடைமை வடிவம் இல்லாமல் ஜெரண்ட் வருவதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃப்யூஸ்டு பார்ட்டிசிபிள்'. இரண்டு உலோகங்களை உருக்கி ஒட்டவைத்ததுபோன்ற எச்சம்.

அகராதியில் ஃபௌலர் தன் வாதத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் பெண்களின் வாக்குரிமை. பிரிட்டனில் 1918இல் 30 வயது கடந்த, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்திருந்தது. ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் கிடைக்க 1928வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைக்காலத்து எடுத்துக்காட்டு அது. அவர் கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். 'விமென் ஹேவிங் த வோட்' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, பின்னால் ஒருமை வினை வந்தால் எழுவாய் எது? 'விமென்' பன்மை, ஆகவே அது எழுவாயாக முடியாது. 'ஹேவிங்' எழுவாய் என்றால் 'விமென்' எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது? பதில் இல்லை, ஆகவே இந்த அமைப்பு இலக்கணத்துக்கு உட்படாதது, ஆகவே தப்பு. 'விமென்ஸ் ஹேவிங்' என்று எழுது, எல்லாம் சரியாகிவிடும்.

வாதம் கூர்மையாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே வாதத்தை 'பெண்கள் வாக்களிப்பது நாட்டுக்கு நல்லது' என்ற தமிழ் வாக்கியத்தின்மேல் போட்டுப் பாருங்கள். பெண்கள் பன்மை, நல்லது ஒருமை. எழுவாய் எது? 'பெண்கள் வாக்களிப்பது' என்ற முழுத் தொடர். இதில் எந்தத் தமிழாசிரியருக்கும் சந்தேகம் வராது. ஒரு தொடரே எழுவாயாக நிற்கும் என்று ஏற்றுக்கொண்டால் ஃபௌலரின் புதிர் கரைந்துவிடுகிறது. லத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பெட்டி தேடிப் பழகியவருக்கு, பெட்டியில் அடங்காத சொல் குற்றவாளியாகத் தெரிந்தது.

டென்மார்க் நாட்டு ஆங்கில அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார். கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் 1913இல் தொடங்கிய 'சொசைட்டி ஃபார் ப்யூர் இங்கிலீஷ்' என்ற அமைப்பின் சிறுவெளியீடுகளில் இந்தச் சண்டை நடந்தது. 1925இல் ஃபௌலர் எழுதினார். 1926இல் யெஸ்பர்சன் மறுத்தார். ஃபௌலர் திரும்பவும் பதில் எழுதினார். பழைய நல்ல எழுத்தாளர்களிடமிருந்து யெஸ்பர்சன் எடுத்துக்காட்டுகளை அடுக்கினார். ஆங்கிலம் தன் தேவைக்குத் தானே வளர்த்துக்கொண்ட அமைப்பு இது, இதை விளக்க முடியாத இலக்கணத்தில்தான் கோளாறு என்பது அவர் கட்சி. தாய்மொழிக்காரர் வழக்கைத் தள்ளிவிட்டு விதியைப் பிடித்துக்கொண்டார். அயல்நாட்டுக்காரர் வழக்கைப் பார்த்து விதியைத் திருத்தச் சொன்னார். ஆங்கிலம் கற்றுக்கொண்ட நமக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் நாம் பெரும்பாலும் ஃபௌலர் பக்கம் நிற்கப் பயிற்றுவிக்கப்பட்டவர்கள்.

பிற்கால இலக்கண ஆசிரியர்கள் யெஸ்பர்சன் பக்கம் சாய்ந்தார்கள். 1985இல் வந்த குவர்க் குழுவினரின் பேரிலக்கணம் 'பெயிண்டிங்' என்ற ஒரே சொல்லை எடுத்து, சுவரில் மாட்டிய ஓவியத்திலிருந்து ஓவியர் வரைந்துகொண்டிருக்கும் செயல்வரை, முழுப் பெயரிலிருந்து முழு வினைக்கு ஒரு டஜனுக்கும் மேற்பட்ட படிகளில் எப்படி இறங்கி வருகிறது என்று காட்டியது. நடுவில் எங்கே கோடு கிழிப்பது? 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் எழுதிய கேம்பிரிட்ஜ் இலக்கணம் கோட்டையே அழித்துவிட்டு, ஜெரண்டையும் பார்ட்டிசிபிளையும் சேர்த்து ஒரே வகையாக்கியது. ஃபௌலரின் அகராதியையே 1996இல் புதுப்பித்த பர்ச்ஃபீல்ட், உடைமை வடிவம் பின்வாங்கிக்கொண்டிருப்பதை ஒப்புக்கொண்டார். ஆள்பெயரிலும் பிரதிப்பெயரிலும் மட்டும் நல்ல எழுத்தில் அது நீடிக்கிறது என்றார்.

அப்படியானால் ஃபௌலர் முழுக்கத் தோற்றாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இலக்கண ஆசிரியராக அவர் தோற்றார். ஆனால் பத்திரிகை ஆசிரியரின் மூக்கு அவருக்கு இருந்தது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'த மினிஸ்டர் டினைட் எனி நாலெட்ஜ் ஆஃப் த ஆபீஸர்ஸ் டிரான்ஸ்ஃபர்ட் லாஸ்ட் இயர் சைனிங் த ஃபைல்.' படித்துக்கொண்டு போகிறவர், அந்த அதிகாரிகளையே தெரியாது என்று அமைச்சர் சொல்கிறார் என நினைத்துக்கொண்டு போவார். கடைசியில் 'சைனிங்' வந்ததும், அவர் மறுத்தது அதிகாரிகளைத் தெரியும் என்பதை அல்ல, அவர்கள் கோப்பில் கையெழுத்துப் போட்டது தெரியும் என்பதை என்று புரிந்து திரும்பி வர வேண்டும். இப்படி வாசகரை அலையவிடும் வாக்கியங்களைத்தான் ஃபௌலர் தேடித் தேடிப் பிடித்தார். நோயைச் சரியாகக் கண்டார். மருந்துதான் எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. மேலே உள்ள வாக்கியத்தில் அபாஸ்ட்ரஃபியை எங்கே போடுவது? 'ஆபீஸர்ஸ்' மேலா, 'இயர்' மேலா? எங்கே போட்டாலும் அசிங்கம். இத்தகைய இடங்களில் வாக்கியத்தையே மாற்றி எழுது என்றுதான் அவரும் சொன்னார். மாற்றி எழுதுவது நல்ல அறிவுரை. ஆனால் அது உடைமை விதியின் வெற்றி ஆகாது.

விதி உண்மையில் நன்மை செய்யும் இடம் பிரதிப்பெயர். 'ஐ அப்ஜெக்ட் டு ஹிஸ் ஸ்மோக்கிங்' என்றால், ஆளோடு எனக்குப் பகை இல்லை, சிகரெட்டோடுதான் பகை என்பது முதல் சொல்லிலேயே தெளிவாகிவிடுகிறது. 'ஹிம்' என்று தொடங்கினால் ஒரு கணமாவது ஆள்மேல் விரல் நீள்கிறது. 'வீ அப்ரிஷியேட் யுவர் டேக்கிங் த ட்ரபிள்' என்பதில் உள்ள மரியாதையும் அப்படி வந்ததே. நன்றி ஆளுக்கு மட்டுமல்ல, அவர் பட்ட சிரமத்துக்கு. வாக்கியத்தின் தொடக்கத்தில் 'ஹிஸ் ரிசைனிங்' கம்பீரமாக நிற்கும். 'ஹிம் ரிசைனிங்' டீக்கடைப் பேச்சாகத் தெரியும். நம் அரசு ஆணைகளில் வரும் 'ஆன் ஹிஸ் அட்டெய்னிங் த ஏஜ் ஆஃப் சூப்பரானுவேஷன்' என்ற தொடரைப் பலர் கேலி செய்வார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. யார், எது நடந்ததும் என்ற இரண்டையும் ஏழெட்டுச் சொற்களில் சந்தேகமில்லாமல் அடக்கிவிடுகிறது. அரசு ஆங்கிலத்தில் இதைவிட மோசமானவை மலைமலையாக உண்டு.

ஆனால் பிரதிப்பெயரிலும் விதி கண்மூடித்தனமாகப் பாய்ந்தால் கேடுதான். 'ஐ டிட் நாட் லைக் ஹிஸ் சிங்கிங்' என்றால் அவர் பாடிய விதம் பிடிக்கவில்லையா, அவர் பாடினார் என்பதே பிடிக்கவில்லையா? உடைமை வடிவம் முதல் பொருளை நோக்கி இழுக்கிறது. கல்யாண வீட்டில் மாமா பாட எழுந்ததே தப்பு, குரல் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டியவருக்கு 'ஹிம் சிங்கிங்' என்பதுதான் துல்லியம். துல்லியத்துக்காக வந்ததாகச் சொல்லப்படும் விதி இங்கே துல்லியத்தைக் கெடுக்கிறது. பார்த்தல், கேட்டல் வினைகளுக்குப் பின்னால் வருவது ஜெரண்டே அல்ல; 'ஐ சா ஹிம் லீவிங்' என்பதே சரி. வழிகாட்டிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர் அங்கேயும் 'ஹிஸ் லீவிங்' என்று எழுதிவிட்டு, சரியாக எழுதியவரைத் திருத்தவும் செய்வார். 'தேங்க்ஸ் ஃபார் கமிங்' என்ற எளிய நன்றி நம் ஊர்க் கடிதங்களில் 'தேங்க்ஸ் ஃபார் யுவர் கமிங்' ஆகிப் புடைத்துக்கொண்டு நிற்பதும் இந்தப் பழக்கத்தின் வீக்கம்தான். வந்தவர் யார் என்பது நன்றி சொல்லும்போதே தெரியும். 'யுவர்' அங்கே என்ன செய்கிறது?

பெயர்ச்சொல்லுக்கு வந்தால் விதி சட்டென்று மெலிகிறது. கட்டடங்கள் இடிந்து விழும் ஆபத்தைச் சொல்ல 'த டேஞ்சர் ஆஃப் த பில்டிங்ஸ் கொலாப்ஸிங்' என்பார்கள். அங்கே அபாஸ்ட்ரஃபி போடுகிறவர் அரிது. உயிரற்ற பொருள்களுக்கு விதி பொருந்தாது என்று ரென் அண்ட் மார்ட்டினே விலக்கு கொடுத்துவிடுகிறது. இந்த விலக்கு ஒரு ரகசியத்தை உடைக்கிறது. ஜெரண்டின் இயல்பிலிருந்து பிறந்த விதி என்றால் முன்னால் நிற்பது கட்டடமா, பையனா என்று அது ஏன் பார்க்க வேண்டும்? ஆங்கில உடைமை விகுதிக்கு மனிதர்கள்மேல் ஒட்டப் பிடிக்கும், பொருள்கள்மேல் ஒட்ட அவ்வளவாகப் பிடிக்காது, அவ்வளவுதான் விஷயம். ஆக, இது உடைமை விகுதியின் விருப்புவெறுப்பு. ஜெரண்டின் சட்டம் என்று வேஷம் போட்டிருக்கிறது.

மனிதர்களைக் குறிக்கும் பன்மைப் பெயரில்தான் விதி அறவே காலூன்ற இடமில்லாமல் போகிறது. 'மென்', 'விமென்', 'சில்ட்ரன்' போன்ற சில பழைய பன்மைகளை விட்டுவிடுங்கள். அவற்றில் உடைமை விகுதி சேர்ந்தால் காதுக்குக் கேட்கும். ஃபௌலரின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டில் 'விமென்' இருந்தது அவருடைய அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். 'வொர்க்கர்ஸ்', 'டீச்சர்ஸ்', 'ஃபார்மர்ஸ்' என்று எடுத்திருந்தால் அவர் சரி என்றதும் தப்பு என்றதும் உரக்கப் படிக்கும்போது ஒன்றாகவே ஒலித்திருக்கும். பேசும்போது யாராலும் மீற முடியாத விதி, யாராலும் கடைப்பிடிக்கவும் முடியாத விதி. அதை மொழியின் விதி என்பதைவிட அச்சகத்தின் விதி என்பது பொருத்தம்.

அச்சகத்திலும் அது பழையது அல்ல. பன்மை உடைமைக்கு எஸ் எழுத்துக்குப் பின்னால் அபாஸ்ட்ரஃபி போடும் வழக்கம், ஒருமைக்குப் போடும் வழக்கத்தைவிடப் பிந்தி நிலைபெற்றது. 18ஆம் நூற்றாண்டிலும் அது உறுதியாக இருக்கவில்லை. வந்தது பிந்தி, போவதும் முந்தி. நியூயார்க்கின் டீச்சர்ஸ் காலேஜ் பெயரில் அபாஸ்ட்ரஃபி இல்லை; அமெரிக்க அரசின் வெட்டரன்ஸ் டே பெயரிலும் இல்லை. பர்மிங்காம் மாநகராட்சி 2009இல் தெருப்பலகைகளில் அதைக் கைவிட்டது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012இல் தன் பெயரிலிருந்து நீக்கியது. அபாஸ்ட்ரஃபியைக் காப்பதற்கென்றே 2001இல் சங்கம் தொடங்கிய ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற முன்னாள் பத்திரிகையாளர், 2019இல் தன் 96ஆம் வயதில், அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டதாகச் சொல்லிச் சங்கத்தை மூடப்போவதாக அறிவித்தார்.

அவருடைய வருத்தத்தில் எனக்குப் பாதி பங்கு உண்டு. அபாஸ்ட்ரஃபி நிற்கும் இடம் பொருளைச் சுமக்கும் தருணங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் அன்னையர் நாளுக்காக உழைத்த ஆனா ஜார்விஸ், அது 'மதர்ஸ்' என்ற ஒருமை உடைமையாகத்தான் எழுதப்பட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். உலகத்து அன்னையர் எல்லாருக்குமான நாள் அல்ல, ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் தாய்க்கான நாள். காதால் கேட்டால் வேறுபாடு இல்லை. கண்ணால் படித்தால் அதில் ஒரு கொள்கையே இருக்கிறது. அதேபோல ஓர் அறிக்கையில் 'த எம்ப்ளாயீஸ் ரெஃப்யூசிங் டு சைன்' என்று வரும்போது மறுத்தது ஓர் ஊழியரா, பல ஊழியர்களா என்பதை அந்த ஒரு புள்ளி சொல்லிவிடும். வழக்கு மன்றத்துக்குப் போகக்கூடிய தாளில் அது சின்ன விஷயமல்ல. பன்மை உடைமைக் குறி மதிப்பற்றது என்று நான் வாதிடவில்லை. ஒன்றா பலவா என்று காட்டும் வேலைக்கு அது நல்ல கருவி. ஜெரண்டுக்கு முன்னால் அது கட்டாயம் என்று சொல்வதுதான் வேறு கதை.

அந்தக் கட்டாயத்தின் சுமை இன்று யார் தலையில் விழுகிறது?  நம் தேர்வறைகளில் அது இன்னும் மதிப்பெண்ணாக உயிர் வாழ்கிறது. 'த டீச்சர் அப்ஜெக்டட் டு ஸ்டூடண்ட்ஸ் கமிங் லேட்' என்று கொடுத்து எங்கே பிழை என்று கேட்டால், இன்றைய எந்தப் பெரிய இலக்கண நூலின்படியும் சரியான விடை 'பிழை இல்லை' என்பதுதான். பழைய விடைத்தாளின்படி அபாஸ்ட்ரஃபி இல்லாதது பிழை. இரண்டையும் அறிந்த மாணவர்தான் இங்கே அதிகம் தடுமாறுவார். கேள்வி எடுப்பவர் இந்த விதியைச் சோதித்தே ஆக வேண்டுமென்றால் 'ஹிம்', 'ஹிஸ்' என்று பிரதிப்பெயரில் சோதிக்கலாம். அதுவும் அலுவல் கடிதத்துக்குத் தகுந்த வடிவம் எது என்று கேட்கலாம், எது சரி என்று கேட்காமல். பன்மைப் பெயரை இந்தக் கேள்வியிலிருந்து எடுத்துவிடுவதால் எந்த மாணவரின் ஆங்கிலமும் கெட்டுவிடாது. விடைத்தாள் மாறும்வரை தேர்வு எழுதப் போகிறவர் அபாஸ்ட்ரஃபியைப் போட்டுவிட்டு வருவதே பாதுகாப்பு. வேலை கிடைத்தபின் எழுதும் கடிதங்களில் 'ஹிஸ்', 'யுவர்', 'தேர்' ஆகியவற்றை வைத்துக்கொண்டு, மற்றதை வாக்கியத்தின் ஓட்டத்துக்கு விட்டுவிடலாம்.